த்ரெட்டைக் கூட்டினால் சிபியு கூடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் பேப்பர் முதலில் மாமனார் கைக்குத்தான் போகும். அவர் தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதியிலேயே அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு வந்து, "உன் வேலையப் பத்தித்தான் போட்டிருக்காங்க போலம்மா, பாரு" என்று நீட்டினார். இளைஞர் பக்கத்துக் கேள்வி பதில். நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் தரவை வந்த கையோடு கணக்குப் போடும் ஜாப் ஒன்றை ப்ராஜெக்டுக்காக எழுதியிருக்கும் கல்லூரி மாணவர், பல மெஷின்களில் பிரித்து ஓடவிட்டும் அது பின்தங்கிக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் ஒரே வரி: த்ரெட்டையும் ஸ்லாட்டையும் இரண்டு மடங்காக்குங்கள், வேகமும் இரண்டு மடங்காகும்.

அதைப் படித்து முடிப்பதற்குள் கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது.

பதில் எழுதியவரைக் குறை சொல்வதற்காக இந்தக் கடிதம் இல்லை. சரி, கொஞ்சம் குறை சொல்லத்தான். ஏனென்றால் இதே ஒரு வரியை நம்பி நானும் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன், அதுவும் அழகர் ஆற்றில் இறங்குகிற ராத்திரி. அதைவிட, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை இன்டர்வியூ எடுக்கிறவள் நான். மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள், "ஜாப் மெதுவாக ஓடினால் என்ன செய்வாய்" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு "பேரலலிசத்தை ஏத்துவேன் மேம்" என்கிறார்கள், அதாவது வேலையை இன்னும் நிறையத் த்ரெட்டாகப் பிரித்து ஓட்டுவார்களாம். எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்பேன் என ஒருவராவது சொன்னால் அப்போதே ஆஃபர் லெட்டர் அடிக்கச் சொல்லிவிடுவேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிபியு கோர் என்பது வேலை செய்கிற கை. த்ரெட் என்பது செய்ய வேண்டிய வேலையின் ஒரு வரிசை, தமிழில் இழை என்று எழுதுகிறார்கள். ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் ஓட்டும், ஹைப்பர்த்ரெட் என்ற விதிவிலக்கைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டு கோர் இருக்கும் இடத்தில் இருபது த்ரெட்டைத் திறந்துவிட்டால் லினக்ஸ் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி ஓட்டும், அவ்வளவுதான், கை இரண்டேதான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் நேரமும் விரயம், கோர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் கேஷ் என்ற சின்ன மெமரியில் சூடாக இருந்த தரவும் கலைந்துபோகும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரியும். ஆனால் நிற்காமல் வரும் தரவைக் கணக்குப் போடும் ஃப்ளிங்க் மாதிரி ஒரு சாமானைக் கையில் கொடுத்து, அதில் 'டாஸ்க் ஸ்லாட்' என்று ஒரு பெயரைக் காட்டினால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. எனக்கு மறந்தது.

ஃப்ளிங்க் பெர்லினில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாகத் தொடங்கி 2014-இல் அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் முழு ப்ராஜெக்ட் ஆனது. அதில் வேலையாள் மெஷினுக்கு டாஸ்க் மேனேஜர் என்று பெயர், அது ஒரே ஒரு ஜாவா ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோக்ராம். அதை ஸ்லாட்டுகளாகப் பிரிப்பார்கள். நாலு ஸ்லாட் என்றால் ஃப்ளிங்க் தன் கையில் வைத்து நிர்வகிக்கும் மெமரி நாலு பங்காகும். சிபியு? பங்காகாது. ஸ்லாட்டுக்கு இவ்வளவு சிபியு என்று யாரும் ஒதுக்கி வைப்பதில்லை, எல்லா ஸ்லாட்டும் அந்த ப்ராசஸுக்குக் கிடைத்த சிபியுவில்தான் அடித்துப் பிடித்து ஓட வேண்டும். அவர்களுடைய ஆவணத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது, கோர் எத்தனையோ அத்தனை ஸ்லாட் வைத்தால் பொதுவாகச் சரியாக இருக்கும் என்றும் போட்டிருக்கிறது. நாம்தான் ஆவணத்தைப் படிக்காமல் ஸ்லாட் என்றதும் தனி ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். கல்யாண மண்டபத்து ஹாலில் பாய் விரித்து ஆளுக்கு ஒரு பாய் கொடுப்பதுதான் இது. ஃபேன் பொது.

இன்னொன்று, ஒரு ஸ்லாட் என்றால் ஒரு த்ரெட்டும் இல்லை. ஜாப்பில் அடுத்தடுத்து வரும் வேலைகளில் ஒட்ட முடிந்ததை ஃப்ளிங்க் சங்கிலியாக ஒட்டி ஒரே த்ரெட்டில் ஓட்டும். தரவை சாவி வாரியாக (எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதுதான் சாவி, ஆங்கிலத்தில் கீ) பிரித்து அனுப்ப வேண்டிய இடத்தில் சங்கிலி அறும், அதற்கு அடுத்த துண்டுக்கு வேறு த்ரெட். ஒரே ஜாப்பின் இப்படிப்பட்ட துண்டுகள் எல்லாம் ஒரே ஸ்லாட்டுக்குள் சேர்ந்து குடியிருக்கலாம். எங்கள் ஜாப்பில் மூன்று துண்டு, அதனால் ஸ்லாட்டுக்கு மூன்று த்ரெட். இது போக ஜாவாவின் குப்பை அள்ளும் ஜிசி த்ரெட்டுகள், நெட்வொர்க் த்ரெட்டுகள், ஸ்டேட்டை, அதாவது இதுவரை கூட்டிய கணக்கை, ராக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸில் வைத்திருந்தால் அது ஃபைல்களைச் சேர்த்துச் சுருக்கப் பின்னால் ஓட்டும் கம்பாக்‌ஷன் த்ரெட்டுகள். இவை எதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் சிபியு எல்லாவற்றுக்கும் வேண்டும்.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன். நான் அப்போது இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். வேன், ஆம்னி பஸ், டாக்சி, பள்ளி வண்டி எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் பொருத்தி, பத்து செகண்டுக்கு ஒருமுறை வண்டி இருக்கும் இடத்தை வாங்கி, எந்த ஏரியாவில் எவ்வளவு வண்டி, என்ன வேகம் என்று உடனுக்குடன் காட்டும் வேலை. வண்டிகள் அனுப்புவதெல்லாம் கஃப்காவில், அதாவது வரும் தரவை வாங்கி வைக்கும் கிடங்கில், 12 பார்ட்டிஷனில், அதாவது 12 தனி வரிசையில், வந்து விழும். அதை ஃப்ளிங்க் எடுத்து ஏரியா வாரியாகக் கூட்டும். ப்ரோக்ராம்களைப் பல மெஷின்களில் வைத்து ஓட்டும் க்யூபர்னெட்டிஸில் மூன்று பாட் (பாட் என்றால் ப்ரோக்ராம் ஓடும் ஒரு பெட்டி, இங்கே ஒரு டாஸ்க் மேனேஜர்), பாடுக்கு நாலு ஸ்லாட், ஆக 12 ஸ்லாட், 12 பார்ட்டிஷன். பாடுக்கு சிபியு லிமிட் 2 என்று யாரோ எப்போதோ கையால் எழுதி வைத்திருந்தார்கள். அந்த 2-ஐப் பற்றி அன்றுவரை யாருக்கும் கவலை இல்லை, வருடம் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு சாயங்காலத்திலிருந்து தல்லாகுளம் பக்கம் வண்டி போக முடியாது. போக முடியாத வண்டியெல்லாம் எங்கே ஒதுங்கும்? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலும் அதைச் சுற்றியும். நிற்கிற வண்டிதானே, தரவு குறையும் என்று நினைத்தோம். நிற்கிற வண்டியும் பத்து செகண்டுக்கு ஒருமுறை 'நிற்கிறேன், நிற்கிறேன்' என்று அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஒன்பது மணி வாக்கில் லேக், அதாவது கஃப்காவில் வந்து படிக்கப்படாமல் கிடக்கும் பாக்கி, ஏற ஆரம்பித்தது. திரையில் இருக்கும் படம் ஏழெட்டு நிமிடம் பழசு. கஸ்டமர் போனில் கத்துகிறார். டேஷ்போர்டில் சிபியு 60 சதவீதம்தான் காட்டுகிறது, இன்னும் 40 சும்மா கிடக்கிறதே என்று டீம் முழுக்க ஒரே குரலில் பேரலலிசத்தை ஏற்றச் சொன்னது. நானும் சரி என்றேன். இதுவரை கூட்டிய கணக்கைப் பத்திரப்படுத்தும் சேவ்பாயின்ட் எடுத்து, நிறுத்தி, பாடுக்கு எட்டு ஸ்லாட், மொத்தம் 24 என்று மாற்றி, பதினோரு மணிக்குத் திரும்ப ஓடவிட்டோம்.

அதற்குப் பிறகு திரையில் ஒன்றுமே வரவில்லை. மெதுவாகக்கூட இல்லை, சுத்தமாக நின்றுபோனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது, சொல்ல ஒரு நிமிடம். கஃப்காவின் ஒரு பார்ட்டிஷனை ஒரு ஜாப்பில் ஒரு நேரத்தில் ஒரு வாசகர்தான் படிக்க முடியும். பந்தியில் 12 இலை போட்டிருக்கிறது, 24 பேரை உட்கார வைத்தால் 12 பேர் இலை இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள். அது வெறும் வேஸ்ட், அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் நேரத்தை வைத்துக் கூட்டும் ஜாப்பில் வாட்டர்மார்க் என்று ஒன்று உண்டு. இந்த நேரம் வரையிலான தரவு எனக்கு வந்துவிட்டது என்று ஒவ்வொரு வாசகரும் சொல்ல வேண்டும், எல்லாரும் சொன்னதில் எது பின்தங்கியதோ அதுதான் ஜாப்பின் நேரம். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தால்தானே இலையை எடுத்து அடுத்த பந்திக்கு இடம் பண்ணுவார்கள். இலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் 12 பேர் 'சாப்பிட்டாச்சு' என்று எப்படிச் சொல்வார்கள்? சொல்லவில்லை. அதனால் எந்தக் கணக்கும் முடியவில்லை, எதுவும் திரைக்கு வரவில்லை. இப்படிச் சும்மா இருக்கிறவர்களைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு ஐடில் டைம்அவுட் வைக்க வேண்டும், அது தானாக நடக்காது. நாங்கள் வைக்கவில்லை, 12-க்கு 12 என்று ஓடிக்கொண்டிருந்த வரை அது தேவைப்படவும் இல்லை.

அதைச் சரி பண்ணி மறுபடி ஓடவிட்டோம். இப்போது ஓடியது. முன்பைவிட மெதுவாக.

நடுராத்திரிக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணாநகர் ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் அந்த நேரத்திலும் ஜனம் ஆற்றைப் பார்த்துக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்த பையன் ஒருவன், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், பாடுக்குள் நுழைந்து சிஜிக்ரூப்பின், அதாவது பாடுக்கு இவ்வளவுதான் என்று லினக்ஸ் வரம்பு கட்டும் ஏற்பாட்டின், சிபியு ஸ்டாட் ஃபைலைத் திறந்து பார்த்தான். அதில் 'த்ராட்டில்டு' என்று ஒரு வரி இருக்கும். ஓட நினைத்தும் ஓடவிடாமல் எத்தனை முறை பிடித்து நிறுத்தினோம் என்று லினக்ஸே வைக்கும் கணக்கு. அந்த எண் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் க்யூபர்னெட்டிஸ் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. லிமிட் 2 என்று எழுதினால் இரண்டு கோரை எடுத்துத் தனியாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. லினக்ஸ் நேரத்தை 100 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டுகிறது. லிமிட் 2 என்றால் ஒவ்வொரு துண்டிலும் மொத்தம் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம் உங்களுக்கு. அதை எத்தனை கோரில் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். எட்டு கோர் உள்ள மெஷினில் எட்டு த்ரெட் ஒரே சமயத்தில் எழுந்து ஓடினால் 200-ஐ எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், 25 மில்லிசெகண்டில் கோட்டா காலி. மீதி 75-க்கும் பாடில் இருக்கும் எல்லா த்ரெட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஜிசி த்ரெட்டும் நிற்கும், ஜிசி பாதியில் நின்றால் மற்ற எல்லாம் இன்னும் கூடுதலாக நிற்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க கஷ்டப்பட வேண்டியதில்லை. மாடியில் ஒரு சின்டெக்ஸ் டேங்க். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மோட்டார் போட்டு நிரப்புகிறோம். நாலு வீட்டில் ஆளுக்கொரு குழாயைத் திறந்தால் மதியம் வரை வரும். எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லாக் குழாயையும் திறந்தால் எட்டு மணிக்கே டேங்க் காலி, சாயங்காலம் வரை குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். குழாயைக் கூட்டினால் தண்ணீர் கூடுமா? ராத்திரி உட்கார்ந்து இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் செலவு என்று மொத்தமாகப் பார்த்தால் இரண்டு நாளும் ஒன்றாகத்தான் தெரியும். டேஷ்போர்டின் 60 சதவீதம் என்பதும் அப்படித்தான், அது ஒரு நிமிடத்துச் சராசரி. பத்து செகண்டுக்கு ஒருமுறை எல்லாக் கணக்கும் ஒரே நொடியில் முடியும், அந்த நொடியில் எல்லா த்ரெட்டும் ஒன்றாகக் குதித்துக் கோட்டாவைக் குடித்துவிட்டு நிற்கும், அடுத்த கொஞ்ச நேரம் வேலை குறைவு. நிமிடச் சராசரிக்கு அதெல்லாம் தெரியாது. நாங்கள் ஸ்லாட்டை இரண்டு மடங்காக்கியதில் பாடுக்கு 12 ஆக இருந்த வேலைத் த்ரெட் 24 ஆனது, கோட்டா அதே 200.

ஒன்று சொல்லியாக வேண்டும். க்யூபர்னெட்டிஸோடு ஃப்ளிங்க்கையே நேராகப் பேசவிட்டு, சிபியு எவ்வளவு என்று எழுதாமல் விட்டால், ஸ்லாட் எத்தனையோ அத்தனை சிபியு என்று அதுவே கேட்டு வாங்கும். எங்கள் விஷயத்தில் கையால் எழுதிய 2 அதற்கு வழி விடவில்லை. உங்கள் பதிலை எழுதியவர் ஒருவேளை அப்படி ஓடும் இடத்தில் வேலை பார்த்திருக்கலாம், அங்கே ஸ்லாட்டைக் கூட்டினால் சிபியுவும் கூடும், பில்லும் கூடும். ஆனால் அப்போதும் வேகத்தைக் கொடுத்தது த்ரெட் இல்லையே.

சரி, லிமிட்டை அந்த ராத்திரியிலேயே 4 ஆக்கினோம், ஸ்லாட்டைப் பழையபடி 4-க்கு இறக்கினோம். த்ராட்டில் அடங்கியது. லேக் ஏறுவது நின்றது, ஆனால் இறங்கவும் இல்லை. அப்போதுதான் இரண்டாவது வியாதி தெரிந்தது.

ஏரியாதான் எங்கள் சாவி. ஒரு சாவிக்கு உரிய தரவு முழுவதும் ஒரே த்ரெட்டுக்குத்தான் போகும். இது குறை இல்லை, அதற்குத்தான் இந்த அமைப்பே. ஒரு சாவியின் கணக்கை ஒரே த்ரெட் வைத்திருப்பதால்தான் பூட்டு, தள்ளுமுள்ளு இல்லாமல் ஒழுங்காகக் கூட்ட முடிகிறது. ஆனால் அன்றைக்கு ஊர் வண்டி பாதி மாட்டுத்தாவணி என்ற ஒரே சாவியில் நிற்கிறது. 12 த்ரெட்டில் ஒன்று முழு கோரையும் தின்றுகொண்டு மூச்சுத் திணறுகிறது, மற்ற பதினொன்றும் ஈ ஓட்டுகின்றன. ஒரு த்ரெட் எவ்வளவு முக்கினாலும் ஒரு கோருக்கு மேல் சாப்பிட முடியாது. நீங்கள் 24 போட்டாலும் 240 போட்டாலும் அந்த ஒரு சாவி ஒரு த்ரெட்டில்தான் உட்காரும்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. அந்தத் த்ரெட்டின் வாசலில் தரவு காத்திருக்கும் இடமான பஃபர் நிரம்பினால் அதற்கு அனுப்புகிறவர்கள் நிற்க வேண்டும். அனுப்புகிறவர்கள் யார், 12 வாசகரும்தான், ஏனென்றால் மாட்டுத்தாவணி வண்டி எல்லாப் பார்ட்டிஷனிலும் கலந்து கிடக்கிறது. அவர்கள் நின்றால் திருமங்கலத்து வண்டியின் தரவும் மேலூர் வண்டியின் தரவும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும். இதற்குப் பெயர் பேக்பிரஷர். வைகை மேல் இருக்கும் நம் பழைய ஏ.வி. பாலத்தில் ஒரு பஸ் மக்கர் பண்ணி நின்றால் பாலத்துக்கே போகாத வண்டியும் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்குமே, அது. ஆக மொத்த ஜாப்பின் வேகம் அந்த ஒரு த்ரெட்டின் வேகம். முந்தின மணி நேரத்தில் நடந்தது இன்னும் கொடுமை: அந்த ஒரே த்ரெட்டாவது நிற்காமல் ஓடியிருக்க வேண்டும், ஆனால் நாங்கள் புதிதாகத் திறந்துவிட்ட த்ரெட்டுகள் பாடின் கோட்டாவைக் குடித்துவிட்டதால் அதுவும் சேர்ந்து நின்றிருக்கிறது. இரண்டு மடங்காக்கியதில் மெதுவானது ஏன் என்பதற்கு விடை இதுதான். அங்கே ஒருவரும் தப்பாக எதுவும் எழுதவில்லை, எல்லாரும் அவசரத்தில் கையில் கிடைத்த எண்ணைக் கூட்டினோம்.

அதற்கு மருந்து த்ரெட்டில் இல்லை, சாவியில். மாட்டுத்தாவணி என்று ஒரே சாவியாக அனுப்பாமல் மாட்டுத்தாவணி-0 முதல் மாட்டுத்தாவணி-7 வரை எட்டாக உடைத்து, எட்டு இடத்தில் சில்லறையாகக் கூட்டி, பிறகு எட்டு சில்லறையையும் ஒரு இடத்தில் மொத்தமாகக் கூட்டினால் போதும். எண்ணிக்கை, கூட்டுத்தொகைக்கு இது அப்படியே செல்லும். சராசரி வேகம் வேண்டுமென்றால் தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொண்டு போய்க் கடைசியில் வகுக்க வேண்டும், எட்டு சராசரியின் சராசரியை எடுத்தால் தப்பாக வரும். இடைநிலை மாதிரியான கணக்குக்கு இது உதவாது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். இதை அன்றைக்கு ராத்திரி எழுதவில்லை, அவ்வளவு தைரியம் இல்லை. கூட்டம் கலைந்ததும் விடிந்த பிறகு லேக் தானாக இறங்கியது, அழகர் புண்ணியம். அடுத்த வாரம் நிதானமாக எழுதினோம்.

இப்போது உங்கள் பதிலில் பாதி நியாயம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். த்ரெட் சிபியுவுக்காக இல்லாமல் வேறு எதற்காகவாவது காத்திருந்தால் த்ரெட்டைக் கூட்டுவது உதவும். எங்கள் ஜாப்பின் கடைசித் துண்டில் அட்ச ரேகை, தீர்க்க ரேகையைக் கொடுத்து இடத்தின் பெயரைக் கேட்டு வாங்கும் அழைப்பு ஒன்று இருந்தது. ஒரு அழைப்புக்கு 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், பதில் வரும்வரை நிற்கும் ஒரு த்ரெட் செகண்டுக்கு 50 தான் முடிக்கும், அத்தனை நேரமும் சிபியு சும்மா. இங்கே பத்து த்ரெட் வைத்தால் 500. ஆனால் இதற்கும் ஃப்ளிங்க்கில் நல்ல வழி உண்டு, அசிங்க்ரனஸ் ஐஓ. ஒரே த்ரெட் கேள்வியை அனுப்பிவிட்டு நிற்காமல் அடுத்ததை அனுப்பிக்கொண்டே போகும், பதில் வர வர வாங்கிக்கொள்ளும். ஆபீஸ் போனில் இதை 'அசிங்க், அசிங்க்' என்று சுருக்கிச் சொல்லும்போதெல்லாம் மாமனார் ஹாலிலிருந்து ஒரு மாதிரி பார்ப்பார், அது தனிக்கதை.

மற்ற சாமான்களும் பெயரில்தான் வேறு. கஃப்கா ஸ்ட்ரீம்ஸில் ஒரு ப்ராசஸுக்கு எத்தனை த்ரெட் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஒன்றே ஒன்றுதான், அதற்கு மேல் ஏற்றினாலும் படிக்கும் டாபிக்கில், அதாவது கஃப்காவில் பெயரிட்டு வைத்திருக்கும் தரவுத் தொகுப்பில், இருக்கும் பார்ட்டிஷன் எண்ணிக்கைதான் உச்சவரம்பு. ஸ்டார்மில் வொர்க்கர் என்பது ப்ராசஸ், எக்ஸிக்யூட்டர் என்பது த்ரெட், டாஸ்க் என்பது அந்தத் த்ரெட் மேல் உட்காரும் வேலை. டாஸ்க்கைக் கூட்டினேன் வேகம் வரவில்லை என்று ஒரு நண்பர் புலம்பினார், டாஸ்க் மட்டும் கூடி எக்ஸிக்யூட்டர் அப்படியே இருந்தால் அதே த்ரெட் முன்னைவிட நிறைய மூட்டையைச் சுமக்கும், வேறென்ன நடக்கும்? பைத்தானில் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை: வழக்கமான பைத்தானில் ஒரு ப்ராசஸுக்குள் எத்தனை த்ரெட் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கோடை ஓட்டும், ஜிஐஎல் என்ற ஒற்றைப் பூட்டு அப்படி. 2024-இல் வந்த 3.13-இல் அந்தப் பூட்டை எடுத்த ஒரு பதிப்பை சோதனைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆக, கல்லூரி ப்ராஜெக்ட் பைத்தானில் இருந்தால் உங்கள் பதில் இன்னும் ஒரு படி தப்பு.

கிளவுடில் வாங்கும்போதும் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி மெஷினில் 8 விசிபியு என்று விற்பது பெரும்பாலும் 4 கோர்தான். ஒரு கோரில் இரண்டு ஹைப்பர்த்ரெட், ஒவ்வொன்றையும் ஒரு விசிபியு என்று எண்ணுகிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கு மட்டுமே போடும் ஜாப்பில் இரண்டு ஹைப்பர்த்ரெட் சேர்ந்தாலும் இரண்டு கோரின் வேலை வராது.

கேள்வி கேட்ட மாணவருக்கு நான் சொல்வது இது. லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. எட்டு த்ரெட்டில் சும்மா பெருக்கல் கணக்கு போடும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதி, டாக்கரில், அதாவது பாட் மாதிரி ஒரு பெட்டிக்குள், சிபியு 1 என்று லிமிட் வைத்து ஓடவிட்டு, அந்த சிபியு ஸ்டாட் ஃபைலில் த்ராட்டில்டு எண் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு த்ரெட்டை ஒன்றாகக் குறைத்து ஓடவிட்டு மொத்த நேரம் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது, ஃப்ளிங்க்கின் வெப் திரையில் ஒவ்வொரு துண்டும் எத்தனை சதவீதம் பிசி, எத்தனை சதவீதம் பேக்பிரஷரில் என்று நிறத்தில் காட்டும். சிவப்பாக பிசி என்று எது இருக்கிறதோ அதற்குள் போய், அதன் எல்லாத் த்ரெட்டும் பிசியா, ஒன்று மட்டும் பிசியா என்று பாருங்கள். எல்லாம் பிசி என்றால் சிபியு கேளுங்கள். ஒன்று மட்டும் என்றால் சாவியைப் பாருங்கள். யாரும் பிசி இல்லை, ஆனாலும் ஓடவில்லை என்றால் கஃப்கா பார்ட்டிஷனையும் வாட்டர்மார்க்கையும் பாருங்கள், எங்களுக்கு ஒரு மணி நேரம் போன இடம் அது. இதையெல்லாம் பார்த்த பிறகும் ஸ்லாட்டைத்தான் கூட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கூட்டுங்கள், கூடவே சிபியுவையும் எழுதுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவதென்றால் வழக்கம்போல நாலாம் பக்கத்து மூலையில் போடாமல் அதே இளைஞர் பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி ஃபைலில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் நாலாம் பக்கம் வரை போவதில்லை. கடிதம் நீளம்தான், தெரியும், வெட்ட வேண்டுமென்றால் பைத்தான் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், டேங்க் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அந்த டேங்க் உதாரணத்தைச் சொன்னவர் மாமனார். நான் அரை மணி நேரம் கோட்டா, மில்லிசெகண்ட் என்று விளக்கியதைக் கேட்டுவிட்டு, "நம்ம மாடி டேங்க்குதானம்மா இது" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அண்ணாநகர், மதுரை.